மாப்பிள்ளை வாங்கியாந்த பிளக்கு

வாங்க மாப்ளே. மார்கழிக் குளிருல காரு கெளம்ப மாட்டேங்குதுன்னு நாலு ஸ்பார்க் பிளக்கு வாங்கியாந்துட்டீகளாமே. எந்த நம்பருன்னு கேட்டா, பக்கத்து வீட்டுக்காரரு வண்டியில போட்டதுங்கிறீக. ரொம்பச் சரி. அவரு மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டாலும் உங்களுக்கு ஊரு தெரியத்தானே செய்யும், என்ன, கொஞ்சம் மங்கலாத் தெரியும்.

மரை என்ன அளவுன்னு பாத்தீகளா? பழைய காருக்கெல்லாம் பெரும்பாலும் 14 மில்லி. இப்ப வர்ற எஞ்சின் பலதுக்கு 12 மில்லி. இது தப்பாப் போனா பிளக்கு ஏறாது, உங்க வண்டி பொழைச்சுக்கும். நீளம் இருக்கு பாருங்க, அதுதான் கள்ளப்பய. 19 மில்லி நீளம் வேண்டிய எடத்துல 12.7 மில்லியப் போட்டாலும் சமத்தா உக்காந்துக்குவான். மிச்ச மரையில கரி அடைஞ்சுரும். அப்புறம் சரியான பிளக்க வாங்கியாந்தாலும் ஏறாது. நீளம் கூடிப்போச்சுன்னா பிஸ்டன் மேல வந்து முட்டும். முட்டட்டுமே, எஞ்சின் பிரிக்கிற மெக்கானிக்குக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல.

அடுத்து சூட்டு நம்பரு. நீங்க காலேசு படிச்சவுக, ஆறு பெருசா ஏழு பெருசான்னு நான் சொல்லித் தரணுமா? என்ஜிகே, டென்சோ கம்பெனிப் பிளக்குல நம்பரு கூடக்கூட பிளக்கு 'கோல்டு'. பாஷ்ல நம்பரு கூடக்கூட 'ஹாட்டு'. இவுக ஏறுற ஏணியில அவுக எறங்குறாக. இதுல பொறி சூடா வருதா ஆறிப்போய் வருதாங்கிற பேச்சே இல்ல. நுனியில ஏறுற சூடு எம்புட்டு வெரசா எஞ்சினுக்கு எறங்குதுங்கிறதுதான் கணக்கு. நுனி ஏறக்கொறைய 500 டிகிரிக்கு மேல இருந்தாத்தான் படியிற கரி எரியும். 800, 900ன்னு தாண்டுச்சுன்னா, பொறிக்குக் காத்திருக்காம பெட்ரோலு தானாவே பத்திக்கும். பிஸ்டன்ல ஓட்டை விழுறது அப்பிடித்தான்.

நம்பருக்குள்ள 'ஆர்'னு ஒரு எழுத்து வரும். உள்ள ரெசிஸ்டர் இருக்குன்னு அர்த்தம். அது கெடக்குன்னு விட்டீகன்னா ரேடியோ கரகரக்கும், வண்டியில இருக்கிற கம்ப்யூட்டரும் கொழம்பும். இரிடியம்னா வெலை கூட, ஒழைப்பும் கூட. ஆனா நுனி மெல்லிசு. பொறி தாவுற எடவெளியச் சரி பண்றேன்னு காசச் சொருகி நெம்பிறாதீக.

நாலு சிலிண்டருன்னா நாலு பிளக்குத்தான்னு யாரு சொன்னா? பழைய ஹோண்டா சிட்டியில ஐ-டிஎஸ்ஐ எஞ்சினுக்கு நாலு சிலிண்டருக்கு எட்டுப் பிளக்கு. அதனாலதான் ஸ்டீரிங்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெட்டியில ஒரு பொஸ்தகம் வச்சுக் குடுக்குறான். நீங்க அதுக்கு மேல இன்சூரன்சு காயிதத்தையும் வெத்தலப் பொட்டலத்தையும் அடுக்கி வச்சிருக்கீக. அதுல உங்க எஞ்சினுக்கு எந்தப் பிளக்கு, எம்புட்டு எடவெளின்னு அச்சடிச்சிருக்கும்.

சரி, வாங்க, வண்டிக்கிட்டப் போவம். அந்த டாங்கி மூடியத் தெறந்து உள்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க. 'டீசல்'னா? ம். டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக்கே கெடையாது மாப்ளே. காத்த அமுக்குற சூட்டுலயே டீசல் பத்திக்கும். இதுல இருக்கிறது குளோ பிளக்கு; குளிருல கெளம்பலன்னா அதையும் பேட்டரியையும்தான் பாக்கணும். பில்லு பத்திரமா இருக்குல்ல? டப்பாவப் பிரிக்காம இன்னைக்கே கடையில குடுத்து மாத்திக்கிருங்க.