சாப்பாட்டு மேஜையில் பிரெஞ்சு ராணுவம்

நாட்டிங்ஹாம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே மூவரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

உங்கள் பெண் போனில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி என் காதிலும் விழுந்தது. மாப்பிள்ளை வேலைவெட்டி இல்லாமல் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். மேஜையை அடைத்துக்கொண்டு கிடப்பது 1525 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் நடந்த பவியா போர். சாப்பாடு இப்போதைக்குத் தரையில் பாய் விரித்துத்தான். சப்பணம் போட்டுச் சாப்பிட்டால் ஜீரணமாகும் என்று நீங்களே சொல்வீர்களே!

இதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் சகவாசம். பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் விளையாடுவது இந்த ஊரில் பெரிய பித்து. கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற போர் விளையாட்டுக் கம்பெனியின் தலைமையகமே இங்கேதான் இருக்கிறது. அவ்வளவு ஏன், ‘டைம் மெஷின்’ எழுதிய ஹெச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே இதற்கு ‘லிட்டில் வார்ஸ்’ என்று விதிப்புத்தகம் போட்டிருக்கிறார். அவர் தரையில் மண்டி போட்டு விளையாடினார். நான் மேஜையில் வைத்திருக்கிறேன். இதில் என்ன குற்றம்?

கதை இதுதான். பிரெஞ்சு ராஜா முதலாம் பிரான்சுவா பவியா கோட்டையை நாலு மாதமாக முற்றுகையிட்டுக்கொண்டு, ஊருக்கு வடக்கே மதில் சூழ்ந்த வேட்டைத் தோட்டத்தில் முகாம் போட்டிருந்தார். கோட்டையை மீட்க வந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைக்கோ சம்பளப் பாக்கி. இன்னும் கொஞ்ச நாள் போனால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள். சண்டை போட்டே ஆகவேண்டிய கட்டாயத்தில், ராவோடு ராவாக மதிலை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். பீரங்கி வைத்தால் சத்தம் கேட்கும் என்று கடப்பாறையும் கையுமாக!

அந்த மதிலைத் தெர்மகோலில் செய்தோம். செங்கல் செங்கலாகப் பென்சில் முனையால் கீறியது நான்தான். தோட்டத்து மண்ணுக்கு உங்கள் பெண் டிகாஷன் இறக்கிய பிறகு ஃபில்டரில் மிஞ்சும் சக்கை. அதை ஓவனில் காயவைத்து, பசை தடவித் தூவினால் அசல் மண்தரை. வடஇத்தாலி முழுக்கக் கும்பகோணம் டிகிரி காபி மணக்கிறது.

சிப்பாய்கள் 28 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மன் கூலிப்படைக்காரர்களுக்கு வர்ணம் பூசுவதற்குள் கண் பிதுங்கிவிடும். சட்டைக் கையை அங்கங்கே கிழித்து, உள்ளிருந்து வேறு நிறத் துணியை இழுத்துவிட்டிருப்பார்கள். இடது கால் மஞ்சள், வலது கால் சிவப்பு. கல்யாண ஊர்வலத்து பாண்டு செட்டெல்லாம் தோற்றது போங்கள். ஒரு தொப்பி இறகின் நிறத்துக்காக வாக்குவாதம் முற்றி, நேப்பிள்ஸ் மியூசியத்தில் இருக்கும், பவியா போரைச் சித்திரிக்கும் திரைச்சீலைகளின் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் பஞ்சாயத்து முடிந்தது.

சனிக்கிழமை யுத்தம். பஸ் டிரைவர்தான் பிரெஞ்சு ராஜா. எதிரே ஒரு பல் டாக்டர். அன்று விடியற்காலையில் பனிமூட்டம் என்பதால் எத்தனை அங்குல தூரம் கண்ணுக்குத் தெரியும் என்பதைக்கூடத் தாயக்கட்டை உருட்டித்தான் முடிவு செய்தோம்.

நிஜப் போரில் ராஜா தன் கவசக் குதிரைப்படையோடு தானே பாய்ந்து, தன் பீரங்கிகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். சுட்டால் ராஜா மேல் படும், பீரங்கி வாயடைத்துப்போனது. எதிரிக் குதிரைப்படையைச் சிதறடித்த சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். மரங்களின் மறைவிலிருந்து சார்லஸின் ஸ்பானியத் துப்பாக்கிக்காரர்கள் பிரபுக்களைக் குருவி சுடுவதுபோல் சுட்டுத் தள்ளினார்கள். ராஜாவே கைதி. அன்றைக்குச் சார்லஸுக்கு 25-ஆவது பிறந்தநாள் வேறு!

நம் டிரைவருக்கு இதெல்லாம் மனப்பாடம். ‘குதிரைப்படையை அசைக்கவே மாட்டேன்’ என்று சவால் விட்டுத்தான் ஆரம்பித்தார். நாலாவது சுற்றில் கை நமநமத்தது. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, கவசத்துக்கு வெள்ளிப் பூச்சு, குதிரைப் போர்வைக்கு நீலத்தில் பொன்வரி என்று இழைத்த படையாயிற்றே. அதைப் பின்வரிசையில் மறைத்து வைக்க எந்த மனுஷனுக்கு மனசு வரும்? நேராகப் பீரங்கிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பல் டாக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. துப்பாக்கி பொம்மைகளை மட்டும் இரண்டு அங்குலம் நகர்த்தினார். பிரான்சுவா ஏன் அப்படிச் செய்தார் என்று சரித்திரக்காரர்கள் என்னவேண்டுமானாலும் எழுதட்டும். எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

உங்கள் பேரன் அதற்குள் பிரெஞ்சுப் பக்கத்து ஸ்விஸ் வீரர்கள் ஆறு பேரைத் தண்ணீர் டம்ளரில் போட்டுவிட்டான். திட்டப் போனேன். நிஜத்திலும் தோற்று ஓடிய ஸ்விஸ்காரர்கள் பலர் டிசினோ ஆற்றில் மூழ்கித்தான் செத்தார்கள் என்று டிரைவர் அவனுக்குச் சாக்லேட் கொடுத்தார்.

கடைசியாக ஒரு உதவி. அந்தக் காலத்து ஈட்டி 18 அடி. எங்கள் அளவுக்கு நாலு அங்குலம். கடையில் விற்கும் கம்பி ஈட்டி விரலைப் பதம் பார்க்கிறது. ஜூனில் வரும்போது புது விளக்குமாறு ஒன்று, நல்ல விறைப்பான ஈர்க்காகப் பார்த்து, பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். எதற்கு என்று உங்கள் பெண் கேட்டால், வீடு பெருக்க என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை