வாராக்கடன் துரை

பெங்களூரு ரெசிடென்சி சாலையிலுள்ள பெங்களூர் கிளப்பில் ஒரு பழைய பேரேடு கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. 1899ஆம் ஆண்டின் வாராக்கடன் பட்டியல். லெப்டினன்ட் டபிள்யூ. எல். எஸ். சர்ச்சில் என்ற பெயருக்கு நேரே 13 ரூபாய். குலதெய்வத்தின் பாதம் பட்ட கல் மாதிரி அதற்கு மரியாதை.

பெரிய இடத்துப் பிள்ளை. தாத்தா மார்ல்பரோ கோமகன்; பிறந்தது பிளென்ஹெய்ம் அரண்மனையில். அப்பா ராண்டால்ஃப் 1885இல் இந்தியாவுக்கான அமைச்சராக உட்கார்ந்தார். 1886 புத்தாண்டன்று பர்மா மகாராணியின் சொத்தாகிவிட்டது. மகன் 1896இல் பெங்களூர் வந்து இரண்டு சகாக்களோடு பங்களா எடுத்தார். ஆளுக்கொரு பட்லர், ஆளுக்கொரு உடுப்புப் பையன், குதிரைக்குக் குதிரைக்காரர். போதாதென்று பொதுவில் 2 தோட்டக்காரர்கள், 3 தண்ணீர்க்காரர்கள், 4 டோபிகள், ஒரு காவல்காரர். யாரோ பொறாமையில் சொன்னதல்ல, 1930இல் வெளியான தன் வரலாற்றில் அவரே ரசித்து எழுதிய கணக்கு. மூன்று பேர் சட்டையை வெளுக்க நான்கு பேர்! கன்டோன்மென்ட்டில் அந்த வேலைகளைச் செய்தவர்களில் பலர் நம் வட ஆர்க்காட்டுக்காரர்கள். மாலையில் போலோ, ஓய்வுக்கு ரோஜாவும் பட்டாம்பூச்சியும். சம்பளம் பற்றாமல் உள்ளூர் லேவாதேவிக்காரரிடம் கடன். வட்டி கொடுமை என்று புலம்பல் வேறு. கொடுமை என்றால் என்னவென்று துரைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்பா பிடித்த பர்மா, மகன் பிரதமராக இருந்த 1942இல் ஜப்பானிடம் போனது. வங்கத்துக்கு வந்த பர்மா அரிசியும் நின்றது. 1943 பஞ்சத்தில் செத்தவர்கள் ஏறக்குறைய 30 லட்சம். தானியக் கப்பல் கேட்டு மன்றாடியவர்கள் அவருடைய சொந்த ஆட்களான இந்திய அமைச்சர் அமெரியும் வைஸ்ராய் வேவலும். கேட்டதில் சொற்பம்தான் கிடைத்தது. கூடவே, இந்தியர்கள் முயல்களாய்ப் பெருகுகிறார்கள் என்ற வசையும். 1944இல் வேவலுக்கு ஒரு தந்தி: காந்தி ஏன் இன்னும் சாகவில்லை? அந்தப் பஞ்சக் கணக்கை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் காணோம்.

வெளிநாட்டு விருந்தாளிகள் பாக்கியைக் கட்ட முன்வந்தும் கிளப் வாங்குவதில்லையாம். கட்டிவிட்டால் பெருமை போய்விடுமே! இதே கர்நாடகத்தில் குழுக் கடன் தவணை தவறியவர்களின் வாசலில் வசூல்காரர்கள் ஆடிய ஆட்டத்தில் உயிர்கள் போய், 2025இல் அரசு அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது. 13 ரூபாயைத் தராமல் போனவருக்குக் காட்சிப் பெட்டி. தவணை தவறியவளுக்குத் தெருவில் மானபங்கம்.

கிளப்காரர்களே, அப்படி ஒரு பெண்ணின் தவணை அட்டையையும் துரையின் பேரேட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள் பார்ப்போம்.