புதுச் செயலாளருக்குப் பெருசு சொல்றது

வாடா பேராண்டி, இப்பிடி ஒக்காரு. பங்குப் பேரவைக்கு நீதான் செயலாளராமே, சந்தோசம். மெட்ராசு வேலைய வுட்டுட்டு வந்து மக்காச்சோளத்துக்கு மருந்தடிச்சிக்கிட்டுக் கெடக்கறானேன்னு ஒங்க ஆயா பொலம்பிக்கிட்டு இருந்தா. இனிமே பொலம்ப மாட்டா, நேரா அழுதுடுவா. மக்காச்சோளத்துல படைப்புழு வுழுந்தா அடிக்க மருந்து இருக்கு. பேரவையில வுழுந்தா என்னாத்த அடிப்ப?

மொகத்தப் பாத்தாலே தெரியுது, மொதக் கூட்டம் முடிஞ்சி நேரா வர்ற. என்னா சண்டன்னு நீ சொல்ல வேணாம், நானே சொல்றன். திருவருகைக் காலம் பொறக்கப் போவுது. வளையத்துல நெச மெழுகுவத்தியா, பேட்டரி மெழுகுவத்தியா? மூணாவது ஞாயித்துக்கு ஏத்தற ரோசு கலரு மெழுகுவத்தி திட்டக்குடி கடத்தெருவுல கெடைக்கல, செவப்ப வச்சி ஒப்பேத்தலாமா, கூடாதா? பாட்டு பொஸ்தவத்துலயா, சொவுத்துல புரொஜெக்டரா? பொறப்புப் பூச நடுச்சாமத்துலயா, பனி வுழுவுதுன்னு ஒம்போது மணிக்கேவா? குடிலு பீடத்தண்டையா, வாசல்லயா? இதுக்கு மேல ஒன்னும் இருந்துருக்காது. நானும் அந்தப் பெஞ்சுல ஒக்காந்து எழுந்தவந்தான். புரொஜெக்டருக்குப் பதிலா எங்களுக்கு ஆர்மோனியம். மத்தபடி சண்ட போட்டது அதே ஆளுங்களோட அப்பன்மாருங்க.

ஒரு யோசன சொல்றன், கெட்டியாப் புடிச்சிக்க. பேரவையில நெலச்சி நிக்கணும்னா மெழுகுவத்திச் சண்டைய மட்டும் தீத்து வச்சிடாத. அது எரிஞ்சிக்கிட்டே இருக்கணும். துணைக்கமிட்டி போடு, அறிக்க கேளு, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளு. அது முடிஞ்சி போச்சின்னு வையி, அப்பறம் வேற எதையாவது பேச வேண்டி வந்துடும். அந்த வேற எதையும் பேசக் கூடாதுன்னுதான்டா இத்தன பேரு வேலவெட்டிய வுட்டுட்டுக் கூட்டத்துக்கு வர்றாங்க.

பேட்டரி மெழுகுவத்தி வச்சா நம்ம பாட்டன் பூட்டன் வழக்கம் அழிஞ்சிடும்னு ஒருத்தரு எழுந்து நின்னுருப்பாரே? சிரிக்கற பாரு, நின்னுருக்காரு. அவரு பாட்டன எனக்குத் தெரியும், என்னோட மல்லாட்ட புடுங்குனவரு. அந்த வளையத்த அவரு கண்ணால பாத்ததில்ல. 1839ல ஜெர்மனியில ஆம்பர்க் பட்டணத்துல விக்கெர்னுன்னு ஒரு பாதிரியாரு, ஏழப் புள்ளைங்கள வச்சி வளத்துக்கிட்டு இருந்தாரு. கிறிஸ்மஸ் எப்ப, எப்பன்னு புள்ளைங்க நச்சரிக்க, ஒரு வண்டிச் சக்கரத்த எடுத்து நாளுக்கு ஒரு சின்ன மெழுகுவத்தி, ஞாயித்துக்கு ஒரு பெரிய மெழுகுவத்தின்னு ஏத்துனாரு. சின்னதெல்லாம் உதுந்து, பெரிய நாலு மட்டும் மிஞ்சி நம்மகிட்ட வந்து சேந்துருக்கு. அவரு கத்தோலிக்கருகூடக் கெடையாது, லுத்தரன். இதப் போயி கூட்டத்துல சொல்லி வச்சிடாத. வளையத்தையே வேலிக்கு அந்தாண்ட வீசிட்டு வேற சண்டைக்குப் போயிடுவாங்க.

மாத்தம்னா என்னான்னு நாங்க பாத்தம்டா. நான் சின்னப் பையனா இருக்கறப்ப சாமியாரு சொவுத்தப் பாத்துக்கிட்டு லத்தீன்ல பூச வைப்பாரு. பின்னால நாங்க செபமால உருட்டிக்கிட்டு இருப்பம். மணி அடிச்சா தல குனியணும், அவ்வளவுதான் நமக்கு வேல. ரோமாபுரியில ரெண்டாம் வத்திக்கான் சங்கம் கூடி, வழிபாட்ட சனங்க பாசையில நடத்தலாம்னு 1963 டிசம்பர் 4ல சட்டம் போட்டாங்க. சங்கம் முடிஞ்சது 1965 டிசம்பர் 8. ஆறாம் சின்னப்பரு போட்ட புதுப் பூசப் பொஸ்தவம் நடப்புக்கு வந்தது 1969 நவம்பர் 30, திருவருகைக் காலத்து மொத ஞாயிறு. தேதியப் பாத்தியா? எல்லாம் இந்தக் காலத்துலதான் வந்து வுழுந்துருக்கு. நாமதான் இந்தக் காலத்த சீரியல் செட்டு வாங்கறதுக்குன்னு வச்சிருக்கம்.

பீடத்தத் திருப்பிப் போட்டு சாமியாரு நம்மளப் பாக்க நின்னப்ப ஊரே அதிர்ந்து போச்சி. ஒங்க பூட்டி என்னா சொன்னா தெரியுமா? "இத்தினி நாளு முதுகப் பாத்தன், பக்தி வந்துச்சி. மூஞ்சியப் பாத்தா, காலையில என்னா சாப்ட்டாருன்னுதான் தோணுது." அப்பிடிச் சொன்ன கெழவிதான் தமிழ்ப் பூச வந்ததும் மொத ஆளாப் போயி முன்னால குந்திக்கிட்டா. என்னா ஆயா இப்பிடின்னு கேட்டா, "இப்பத்தான்டா சாமியாரு சொல்றது புரியுது, தப்பு கண்டுபுடிக்கத் தோதா இருக்கு"ங்கறா.

வெள்ளக்காரன் பண்ண மாத்தம்னு யாராவது சொன்னாலும் நம்பாத. நம்ம தென்னாற்காட்டு கல்லேரியில பொறந்த அண்ணந்தம்பிங்க ரெண்டு பேரு. அண்ணன் லூர்துசாமி ரோமாபுரிக்கே போயி 1985ல கர்தினால் ஆனவரு. தம்பி அமலோர்பவதாஸ், பெங்களூர்ல விவிலியம், மறைக்கல்வி, வழிபாட்டுக்குன்னு நடந்த தேசிய மையத்த 1967லேர்ந்து கட்டி வளத்தவரு. செருப்பக் கழட்டிட்டு உள்ள போறது, தரையில சம்மணம் போட்டு ஒக்கார்றது, கை கூப்பறது, ஆரத்தி எடுக்கறதுன்னு இந்தியாவுக்கு மட்டும் பன்னெண்டு வழக்கத்துக்கு 1969ல ரோமாபுரி சரின்னு சொல்லுச்சி. அதுக்கு முன்ன நின்னவங்கள்ல அமலோரு முக்கியமான ஆளு. அப்பயும் கூச்சல்தான், நம்மள இந்து ஆக்கப் பாக்கறாங்கன்னு. இப்ப ஆயரு வந்தா ஆரத்தி இல்லாம உள்ள வுடுவீங்களா? தட்டு யாரு வூட்டுப் பொம்பள புடிக்கறதுன்னுல்ல போன தடவ ஒரு மாசம் ரெண்டு குடும்பம் பேசிக்கல.

இன்னும் பின்னால போவட்டுமா? முகாசபரூருக்கிட்ட கோணான்குப்பம். இத்தாலியில 1680ல பொறந்த ஒரு ஆளு, இந்த வெயில்ல வந்து குந்தி, நம்மளவிட நல்லா தமிழு படிச்சி, மாதாவுக்குச் சேல கட்டி நிறுத்துனாரு. பேரு பெரியநாயகி. விருத்தாசலத்துல பழமலநாதருக்குப் பக்கத்துல இருக்கற அம்மன் பேரும் அதேதான். இந்தக் காலத்துல எந்தப் பேரவையாவது அதுக்கு ஒத்துக்குமா? வீரமாமுனிவரு மட்டும் இன்னக்கி ஒங்க கூட்டத்துக்கு வந்து, மாதாவுக்குச் சேல கட்டலாங்களான்னு கேட்டாருன்னு வையி, சேல பட்டா, நூலா, உபயம் யாருன்னு மூணு துணைக்கமிட்டி போட்டு அவர எலாக்குறிச்சிக்கே தொரத்திருப்பீங்க. சனவரியில அங்க தேரு பாக்கப் போறப்ப மட்டும், எங்க பாட்டன் காலத்து மாதான்னு எல்லாரும் கன்னத்துல போட்டுக்குவீங்க.

சூசையப்பருக்குன்னு 3615 பாட்டு எழுதி தேம்பாவணின்னு பேரு வச்சாரு அவரு. அத யாரு படிச்சா? ஆனா அவரோட பரமார்த்த குரு கதை மட்டும் எல்லாருக்கும் தெரியும். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்னு அஞ்சு சீசப்புள்ளைங்க. ஆத்தத் தாண்டி அந்தாண்ட போயி ஆளு எண்ணுவான். எண்ணறவன் தன்ன வுட்டுட்டு எண்ணுவான். ஒரு ஆளு கொறையுதே, ஆறு அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சேன்னு கட்டிப் புடிச்சி அழுவாங்க. வெள்ளாத்தங்கரையில ஒக்காந்து எழுதுனாரோ என்னமோ, எனக்கு எப்பயும் அப்பிடித்தான் தோணும். பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியூரு சாமியாருங்க வர்றாங்களே, அன்னக்கி வரிசையில நின்னு கேளு. யாரு யாரு மனந்திரும்பணும்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு வச்சிருப்பான். எல்லாக் கணக்குலயும் ஒரு ஆளு கொறையும்.

பிரசங்கத்துக்கும் இப்பிடித்தான். மொத ஞாயித்து வாசகம் முழிச்சிக்கிட்டு இருங்கடான்னு சொல்லுது. அத வாசிக்கிறப்பவே பின்பெஞ்சு கொறட்ட வுடுது. ரெண்டாவது, மூணாவது ஞாயித்துக்கு அருளப்பரு வர்றாரு. ஒட்டக முடியில சட்ட, வெட்டுக்கிளி சாப்பாடு. வந்தவன் போனவன எல்லாம் பாம்புக்குட்டின்னு திட்டறவரு. அவர நம்ம அன்பியக் கூட்டத்துக்குக் கூப்புட்டா, மொதல்ல சந்தா கட்டிட்டு அப்பறம் பேசச் சொல்லுவம்.

குடிலு விசயத்துல மட்டும் நான் கொஞ்சம் பழைய ஆளு, கோவிச்சிக்காத. அந்தக் காலத்துல டிசம்பர் பொறந்து ஒரு வாரம், பத்து நாளு கழிச்சி ஒங்க ஆயா உடஞ்ச மொறத்துலயும் தட்டுலயும் எரு மண்ணு கொட்டி, ராத்திரி ஊற வச்ச கேவுரத் தூவி, மேல ஈரச் சாக்கு போட்டு இருட்டு மூலையில வப்பா. தண்ணி அதிகமானா அழுவும், கொறஞ்சா கருவும். ரெண்டு நாள்ல வெள்ள வெள்ளயா மொள கண்ணு காட்டும். அப்பறம் வெளிச்சத்துல வச்சா பச்ச புடிக்கும். முந்தி வெதச்சா பொறப்புக்குள்ள மஞ்சளாயி சாஞ்சிடும், பிந்தி வெதச்சா மண்ணுதான் தெரியும். அன்னாடம் காலையில எழுந்ததும் புள்ளைங்க அந்தச் சாக்கத் தூக்கிப் பாக்கும். தூக்கிப் பாத்ததுக்கு அடியும் வாங்கும். இப்ப பச்ச பிளாஸ்டிக் பாயி, மீட்டரு இவ்வளவுன்னு வெட்டிக் குடுக்கறான். 23ந் தேதி ராத்திரி வாங்கி 24ந் தேதி விரிச்சாப் போதும். அப்ப டிசம்பர் மாசம் முழுக்க என்னாத்துக்குடா?

பொம்ம கதையும் கேளு. சூசையப்பருக்கு மூக்கு ஒடஞ்சி ரொம்ப நாளாச்சி, சம்மனசுக்கு ஒரு பக்கம் றெக்க இல்ல. மதுர விளாச்சேரியில செட்டாவே செய்யறாங்க, வாங்கலாம்னு ஒரு கட்சி. விருத்தாசலத்துல பீங்கான் தொழிற்பேட்டையே இருக்கு, அத வுட்டுட்டு மதுரைக்கு என்னாத்துக்குப் போவணும்னு இன்னொரு கட்சி. ஆன்லைன்ல வாங்குனா வெல கம்மின்னு நீ. இந்தச் சண்டையும் நல்ல சண்டதான். மூணு வருசத்துக்குத் தாங்கும். வச்சிக்க.

ரோமாபுரியிலேர்ந்தும் ஒங்கள மாரிதான் கருத்து கேட்டாங்க. பிரான்சிசு பாப்பரசரு 2021ல ஆரம்பிச்சி 2024 வரைக்கும் நடத்துனாரே, எல்லாரும் சேந்து நடக்கறதப் பத்தின மாமன்றம். பங்கு பங்கா கேள்வி வந்துச்சி. யாராவது ஒதுக்கப்பட்டு ஓரத்துல நிக்கறாங்களான்னு நம்ம பங்குலயும் கேட்டாங்க. வடையும் டீயும் சாப்ட்டுட்டு, அப்பிடி ஒருத்தரும் இல்லன்னு ஒருமனதா எழுதி அனுப்புனம். காலனி ஆளுங்க ஒருத்தரும் அந்தக் கூட்டத்துக்கு வரல. கூப்புட்டாதான வருவாங்க? அந்தப் பாப்பரசரும் போயிச் சேந்துட்டாரு, 2025 மே மாசம் புது ஆளு வந்துட்டாரு. ஒங்களுக்கு பதினாலாம் லியோ, எனக்கு சிங்கராயரு. அவரும் கேட்டு அனுப்புனா அதே பதில ஜெராக்ஸ் போட்டு அனுப்பிடலாம்.

என்னா, மூஞ்சி சுண்டிப் போச்சி? இதத்தான் நான் மொதல்லயே சொன்னன். மெழுகுவத்தி எரியற வரைக்கும் இந்தப் பேச்சு வராது.

கல்லறத் தோட்டத்துல நடுவுல ஓடுது பாரு சொவுரு, அதுக்கு எந்தச் சங்கத்துல சட்டம் போட்டாங்க? லத்தீனு போச்சி, பீடம் திரும்புச்சி, கிராதி போச்சி, செருப்பு வெளிய போச்சி, நன்மைய கையிலயே வாங்கறம். சொவுரு மட்டும் வருசா வருசம் சுண்ணாம்பு அடிச்சிக்கிட்டு நிக்கிது. உளுந்தூர்பேட்ட பக்கம் எறையூர்ல 2008 மார்ச்சுல என்னா நடந்துச்சி? பெண்ணாடத்தாண்ட சக்கர ஆல இருக்கற இறையூரு இல்ல, இது அந்த எறையூரு. ஒரே மாதாவக் கும்புடற ரெண்டு தெரு மோதி, போலீசு சுட்டு ரெண்டு உசுரு போச்சி. தவக்காலத்துலடா, ஒரு சந்தி இருக்கற நாளுல. 2016 டிசம்பர்ல இந்திய ஆயருங்க ஒரு கொள்கை வெளியிட்டு, தீண்டாம நம்ம சபைக்குள்ளயும் இருக்குதுன்னு எழுத்துலயே ஒத்துக்கிட்டாங்க. நாட்டுல இருக்கற 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்ல 1 கோடியே 20 லட்சம் பேரு தலித்துங்கன்னும் அதுல சொல்லியிருக்கு. அதுவும் திருவருகைக் காலத்துலதான் வந்துச்சி. அத நம்ம கோயில்ல யாரும் படிச்சுக் காட்டல. அன்னக்கி ஸ்டாரு டெண்டரு இருந்துச்சி.

வருசா வருசம் பொறப்பு நாடகத்துல, சத்திரத்துல எடமில்லன்னு மாதாவையும் சூசையப்பரையும் ஒருத்தன் வெரட்டுவான் இல்ல? எல்லா வேசத்துக்கும் ஒத்திகைக்கு ஆளு புடிக்க அலையுவம். அந்த சத்திரக்காரன் வேசத்துக்கு மட்டும் இந்த ஊருல எவனும் ஒத்திகையே பாக்க வேண்டியதில்ல.

சரி, சரி, எழுந்திரிக்காத. ஒரே ஒரு வேலதான் சொல்றன், அதுக்கு பேரவையில தீர்மானம்கூட வேணாம். கேரல் ரவுண்ட்சு நீதான கூட்டிக்கிட்டுப் போவப் போற? கோயில்ல ஆரம்பிச்சி நம்ம தெரு, மேலத் தெரு, கடத்தெருன்னு சுத்தி, கேக்கும் காப்பியும் வாங்கிக் குடிச்சி, ரெண்டு மணிக்கு மேல தொண்ட கட்டுனப்பறம் காலனிக்குப் போவீங்க. அதுக்குள்ள அங்க புள்ளைங்க தூங்கிடும். கிறிஸ்மஸ் தாத்தாகிட்ட முட்டாயும் தீந்துருக்கும், அவரு தாடிய அவுத்து பாக்கெட்டுல வச்சிருப்பாரு. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளுலேர்ந்து இந்த வழிதான், எந்தப் பாப்பரசரும் மாத்தல. இந்த வருசம் வண்டிய காலனியிலேர்ந்து கெளப்பு. ஏழு மணிக்கே. டியூப்லைட்டு, ஸ்பீக்கரு, முட்டாயி மூட்ட எல்லாம் மொதல்ல அங்க. பாட்டுக்காரங்கள்ல பாதிப் பேரு அந்தத் தெருப் புள்ளைங்களா இருக்கட்டும், நம்ம தெருவுக்குள்ள வர்றப்ப அவங்களும் உள்ள வந்து ஒக்காந்து காப்பி குடிக்கட்டும். வழி மாறிப் போச்சின்னு கத்துவாங்க. பாட்டன் பூட்டன் வழக்கம்பாங்க. அந்த நேரம் பாத்து பேட்டரி மெழுகுவத்திப் பேச்ச எடுத்து வுடு, அங்க பாய்ஞ்சிடுவாங்க.

என்னா, நம்ம வூட்டுக்கு வர்றதுக்குள்ள ரெண்டு மணி ஆயிடும். ஆவட்டும். ஒங்க ஆயா தூங்கிடுவா, காப்பி நானே போட வேண்டியதுதான். சக்கர டப்பாவ எங்க ஒளிச்சி வச்சிருக்கான்னு மட்டும் இப்பவே அவகிட்ட நைசாக் கேட்டு வச்சிடு.