காக்க வந்த லக்ஸ்

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டில் கீழ்ப்பாதைக்கு இருவர் போவார்கள். ஒருவர் வில்லாளி, மற்றவர் அவரைக் காக்கும் சப்போர்ட். அந்தக் காவலர் லக்ஸ் என்ற மந்திரக்காரியோடு வந்தால், வில்லாளி குலதெய்வத்தை வேண்டிக்கொள்வது நல்லது.

லக்ஸிடம் தோழருக்குப் போர்த்த ஒரு கேடயம் உண்டு. லக்ஸை ஆடும் நான் அதைக் கடைசியாகத்தான் வளர்ப்பேன். முதலில் வளர்வது ஒளிக்குண்டு. எதிராளி பொன்னுக்காக மினியனை அடிக்க ஓரடி முன்னே வைக்கும்போதெல்லாம் அதை எறிந்து வெடிக்கவைக்க வேண்டும். வட்டிக்காரர் வாசலில் நிற்பதுபோல, மானா தீரும்வரை இதே வேலை.

புதருக்குள் இருப்பதைக் காட்டும் கண்ட்ரோல் வார்டு வெறும் 75 பொன்தான். ஆனால் அதையும் மிச்சம் பிடித்தால் என் தாக்குதலைக் கூட்டும் லூடன்ஸ் சீக்கிரம் கைக்கு வருமே! புதர் இருட்டாகவே கிடக்கட்டும்.

வில்லாளி இரண்டு நிமிடம் போராடி எதிரி ஒருவனைச் சாகும் நிலைக்குக் கொண்டுவருவார். எங்கிருந்தோ என் ஒளிக்கதிர் பாய்ந்து கதையை முடிக்கும். "தப்பிச்சிடுவான்னு பயந்துட்டேன் ப்ரோ" என்று தட்டுவேன். பொன் எனக்கு, பெருமூச்சு அவருக்கு.

அடுத்த நிமிடம் எதிரணி அசாசின் என் கழுத்தில் பாய்வான். அப்போது மட்டும் நான் பரம சாது: "டேய், சப்போர்ட்டைக் காப்பாத்த ஒருத்தன்கூட இல்லையா?"