காலி நாற்காலிக்கும் காற்று வேண்டும்தான்

பெறுநர்: மதுரை வட்டார உள்ளாட்சிக் கட்டடங்களில் சுவிட்சை அணைக்கும் அதிகாரம் படைத்த உயர்திரு அலுவலர் (அப்படி ஒருவர் இருந்தால்).

பொருள்: மின்சாரச் சிக்கனம் – தொடர்பாக.

பார்வை: டிசம்பர் 14, தேசிய எரிசக்தி சேமிப்பு நாளில் எடுக்கப்படும் உறுதிமொழி.

ஐயா,

கத்திரி வெயிலில் ஒரு சான்றிதழுக்காகத் தங்கள் அலுவலகம் ஒன்றுக்கு வந்தேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. உள்ளே நாலு மின்விசிறிகள், கீழே நாலு காலி நாற்காலிகள். ஆட்கள் டீக்கடையில். ஜன்னலை அடைத்து ஒரு பீரோ, அதன் தலையில் கோப்புக் கட்டு. ஆகவே பகல் பதினொரு மணிக்கும் சோக்கு முனகும் பழைய டியூப்லைட். மனுக்காரர்கள் நாங்கள் வெளியே தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தோம்.

அதிகாரி அறையில் ஏசி 18-இல் ஓடியது. அவர் துண்டைப் போர்த்தியிருந்தார். நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் மத்திய அரசின் விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது அதே அரசு. 24-இலிருந்து 18-க்கு இறக்க யாரோ ரிமோட்டை ஆறு முறை அமுக்கியிருக்க வேண்டும். அரசு அலுவலகத்தில் ஒரு வேலையை ஆறு முறை முயன்று முடித்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

பழைய விசிறி 75 வாட். இப்போது வரும் பிஎல்டிசி விசிறி 30 வாட் சொச்சம். சாயங்காலம் அணைக்க மறந்த பழைய விசிறி ஒன்று மறுநாள் காலைக்குள், 16 மணி நேரத்தில், கொசுக்களுக்காக 1.2 யூனிட் செலவழிக்கிறது.

மின்விசிறியும் ஏசியும் இல்லாத காலத்தில், 1636-இல் எழும்பிய திருமலை நாயக்கர் மகாலில் தூண் வரிசைக்குள் நின்று பாருங்கள். உயரக் கூரை, தடித்த சுவர், நடுவே முற்றம். மே மாதத்திலும் உடம்பு ஆறும். மேற்கு வெயிலுக்கு நேராகக் கண்ணாடி முகப்பு வைத்து, அந்தச் சூட்டை விரட்ட ஏசிக்கு டெண்டர் விடும் நுட்பம் பாவம், நாயக்கருக்குத் தெரியவில்லை.

இந்த மின் கட்டணம் யார் சட்டைப் பையிலிருந்தும் போவதில்லை, எங்கள் சொத்து வரியிலிருந்து போகிறது. அதனால்தான் யாரும் சுவிட்சைத் தேடுவதில்லை. வரி பாக்கிக்காரர் பட்டியலை ஒட்டும் பலகையிலேயே ஒவ்வொரு கட்டடத்தின் மின் கட்டண ரசீதையும் ஒட்டுங்கள். சோலார் தகடு பிறகு வரட்டும். முதலில் அந்தப் பீரோவை நகர்த்துங்கள்.

இப்படிக்கு,
கொட்டகையில் நிற்கும் மனுதாரர்