குன்னூர் வரை பின்னாலிருந்து தள்ளவும்

கேள்வி: மகளுக்கு நாலு வயது நிறையப்போகிறது. ரயில் என்றால் உயிர். வீட்டிலேயே ‘ரயில் தீம்’ வைத்துப் பிறந்தநாள் கொண்டாட ஆசை. அலங்காரத்தை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: தரையிலிருந்து தொடங்குங்கள், சுவர் காத்திருக்கட்டும். தீம் என்றதும் நமக்குப் பின்னணித் திரையும் பலூன் வளைவும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை போட்டோவுக்கு அழகு. ஆனால் நாலு வயதுக்காரிக்கு ரயில் என்றால் ஏறி ஓட்ட வேண்டியது. மளிகைக்கடையில் கேட்டால் அட்டைப்பெட்டி கிடைக்கும். மேலும் கீழும் வெட்டி, தோளில் மாட்ட நாடா கட்டி, நீலம் பூசினால் ஊட்டி ரயில் தயார். அமெரிக்காவில் தலைசிறந்த பொம்மைகளுக்கென்றே ஒரு புகழரங்கம் உண்டு. 2005இல் வெறும் அட்டைப்பெட்டிக்கு அங்கே இடம் கொடுத்தார்கள். ஊட்டி ரயில், அதாவது நீலகிரி மலை ரயில், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதும் அதே ஆண்டுதான். இரண்டும் உங்கள் வீட்டுக் கூடத்தில் சேர்ந்தே ஓடட்டும். வாசற்படி மேட்டுப்பாளையம், சமையலறை வாசல் குன்னூர், கேக் மேசை ஊட்டி. தாத்தா டிக்கெட் பரிசோதகர். யார் முன்னால் நிற்பது என்று சண்டை வருமே என்கிறீர்களா? நிஜ ரயிலே வழி சொல்கிறது. குன்னூர் வரை எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளிக்கொண்டு ஏறும். பிறந்தநாள்காரி எஞ்சினாகக் கடைசியில் நிற்கட்டும். முதல் பெட்டி விருந்தாளிக்கு.

கேள்வி: சொந்தத்தில் எல்லோரும் மண்டபம் பிடிக்கிறார்கள். நாளைக்கு அவளுக்கு வீட்டிலேயே கொண்டாடியது ஒரு குறையாகத் தோன்றாதா?

பதில்: இந்த வயதில் தோன்றாது என்றே நினைக்கிறேன். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் பிறந்தநாளைப் பற்றிக் கேட்டு, டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விருந்து நடந்தால்தான் வயது கூடும் என்று அந்தப் பிள்ளைகளில் பலர் நம்பியிருக்கிறார்கள். இரண்டு விருந்து வைத்தால் இரண்டு வயது ஏறிவிடும் என்றுகூடச் சில குட்டிகள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்! அவர்களுக்கு விருந்து ஒரு சடங்கு. மெழுகுவத்தி, கேக், பாட்டு, கூட நாலு பேர் இருந்தால் அது நிறைவேறிவிடும். மண்டபத்தின் சதுரஅடி அந்தக் கணக்கில் வராது. ஏழெட்டு வயதில் ஒப்பிட்டுப் பார்ப்பாள், உண்மைதான். அப்போது திட்டம் போடுவதையே அவளிடம் கொடுத்துவிடலாம். எனக்குப் பெரிதாகப் படுகிற ஆட்சேபம் வேறு: வீட்டிலேயே செய்வது என்றால் அம்மாவே செய்வது என்று பல வீடுகளில் ஆகிவிடுகிறது. அது வேண்டாம். இட்லி, சமோசாவைக் கடையில் வாங்குங்கள். பெட்டி வெட்டுவது அப்பா, வண்ணம் பூசுவது பிள்ளை. கோடு கோணலாகத்தான் வரும், வரட்டும். முந்தின வாரமே கொண்டாட்டம் தொடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

கேள்வி: கேக் தின்றால் பிள்ளைகள் ஆட்டம் போட்டு வீட்டை இரண்டாக்கிவிடுவார்களே?

பதில்: பழியைச் சர்க்கரைமேல் போடாதீர்கள். பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்த 1995ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ ஆய்வு ஒன்று, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை என்றது. பத்துப் பிள்ளைகள் ஒரே கூடத்தில் சேர்ந்தால் ஆட்டம் தானாக வரும். ஓட ஒரு தண்டவாளம் போட்டுக் கொடுத்தால் அந்த ஆட்டமே விளையாட்டாகிவிடும். அளவாகக் கேக் கொடுப்பது பல்லுக்காக. நான் உண்மையில் பயப்படுவது பலூனுக்குத்தான். வெடித்த துண்டும் ஊதாத பலூனும் சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கும். அதனால் காகிதத் தோரணம் கட்டுங்கள். பலூன் இருந்தே ஆக வேண்டுமென்றால், வெடித்ததும் துண்டுகளைப் பொறுக்க ஒரு பெரியவரை நியமியுங்கள். கார்டு வேலையும் பச்சைக்கொடியும் அவருக்கே.