வெங்காயத்தின் அழகுணர்ச்சி: செட்டிகுளம் பட்டறையை முன்வைத்து ஓர் ஆய்வு

எளிமையும் இயற்கையும் கலந்த உள்அலங்காரம் ஜப்பானில் பிறந்ததா, ஸ்காண்டிநேவியாவில் பிறந்ததா என்று அறிஞர்கள் யோசித்துக்கொண்டிருக்கையில், வணிகர்கள் இரண்டையும் சேர்த்து ‘ஜப்பாண்டி’ என்று பெயரிட்டு விற்கத் தொடங்கிவிட்டார்கள். பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்துச் செட்டிகுளத்தை இரு தரப்பாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பாணியை ஓர் இம்மியும் வழுவாமல் கடைப்பிடிக்கும் ஓர் இனம் அங்கே வாழ்கிறது. அதன் பெயர் சின்ன வெங்காயம்.

விதைப்புக்காகவோ நல்ல விலைக்காகவோ காத்திருக்கும் வெங்காயம் குடியிருக்கும் இடம் பட்டறை. மேடான இடமாகப் பார்த்துக் கல் அடுக்கி, மேலே கழி பரப்பி, தரையின் ஈரம் ஏறாமல் உயர்த்திக் கட்டுவார்கள். சுற்றிலும் மூங்கில் அல்லது சவுக்குக் கழித் தட்டி. கூரைக்குத் தென்னங்கீற்றோ பனையோலையோ. அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டுவார்கள். உள்ளே வந்த காற்று நடுவழியில் களைத்து உட்கார்ந்துவிடக் கூடாதல்லவா? பெயின்ட் கிடையாது. பான்டோன் நிறுவனம் 2025ஆம் ஆண்டின் நிறமாக ‘மோக்கா மூஸ்’ என்றொரு பழுப்பை அறிவித்தது. இரண்டு கோடை கண்ட பனையோலை அந்தப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

இத்தனை ரசனை வெங்காயத்துக்கு எப்படி வந்தது? பறித்த பிறகும் அது மூச்சு விடுகிறது. புழுக்கமும் ஈரமும் சேர்ந்தால் அழுகும், அல்லது முளைக்கும். அழுகினால் நாற்றம் ஊரைக் கூட்டும், உரிமையாளருக்குப் பணம் போகும். மனிதன் அப்படியல்ல. புழுங்கினால் அவன் இன்னொரு ஏசி வாங்குகிறானே தவிர, அழுகிக் காட்டுவதில்லை. ஆகவே நமது கருதுகோள்: அழுகும் உரிமையே அழகுணர்ச்சியின் ஊற்று.

எதிர்ச்சான்று தேடி அதே உரிமையாளரின் வீட்டுக்குப் போனால் கருதுகோள் மேலும் வலுப்பெறுகிறது. கான்கிரீட் கூரை, அதற்குக் கீழே ஃபால்ஸ் சீலிங், மரவரி அச்சடித்த டைல்ஸ், தண்ணீர் கேட்காத பிளாஸ்டிக் கொடி. உயிருள்ளவற்றின் மேல் மனிதனுக்குப் பிறவியிலேயே ஈர்ப்பு உண்டென்று எட்வர்டு வில்சன் 1984இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்த ஈர்ப்பை மனிதன் விளைபொருளுக்குத் தானம் செய்துவிடுவான் என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. மதியத்தில் பட்டறை ஓரம் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருந்த பெரியவரிடம், “வீட்டில் ஏசி இருக்கையில் இங்கே எதற்குங்கய்யா?” என்று கேட்டேன். “வெங்காயத்துக்குக் காவல், தம்பி” என்றார். ஆய்வுலகில் இதைத் தரவு மறைப்பு என்பார்கள்.

பட்டறையில் அலங்காரமே இல்லையே என்பது எதிர்க்கட்சியின் வாதம். நகரத்து வரவேற்பறையில் காய்ந்த நாணற்பூவைக் காசு கொடுத்து வாங்கிச் சாடியில் செருகுகிறவர்கள், தாளோடு பிடிபிடியாகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்ட விதை வெங்காயத்தைப் பார்த்ததில்லை போலும். பொருளை இருந்த இடத்திலேயே விட்டு ரசிப்பதும் இந்த மாவட்டத்து மரபுதான். கல்லாகிப்போன மரத்தை அறுத்து மெருகேற்றி டீப்பாய் ஆக்கிப் பெரும் விலைக்கு விற்கிறது உலகச் சந்தை. சாத்தனூரிலோ, 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சுமார் 12 கோடி ஆண்டுக் கல்மரம், 18 மீட்டர் நீளத்துக்கு வேலிக்குள் படுத்திருக்கிறது. அதன்மேல் யாரும் காபி வைத்ததில்லை. செட்டிகுளம் மலைமேல் தண்டாயுதபாணியே கையில் கரும்போடுதான் நிற்கிறார். இதற்கு மேல் எந்த டிசைனரின் சான்றிதழ் வேண்டும்?

எஞ்சுவது நிதி. தோட்டக்கலைத் திட்டத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகள், 25 டன் கொள்ளும் குறைந்த செலவு வெங்காயக் கிடங்குக்கு 1.75 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பாதியான 87,500 ரூபாயை மானியமாகத் தந்தன. காற்றோட்டமான இந்த வீட்டுக்கு மனிதரும் விண்ணப்பித்தால் என்ன? கொள்ளளவுதான் இடிக்கிறது. ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தாலும் 25 டன்னை எட்ட 417 பேர் வேண்டும். அத்தனை பங்காளிகள் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டதாக இவ்வட்டாரத்தில் இதுவரை பதிவு இல்லை.